நாய் வயிற்றில் கூவிய மீன்

மாரிட் என் கடைக்கு முன்வாசல் வழியாக வரக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். தூண்டில் புழுவும் உயிரோடு துள்ளுகிற பொடிமீனும் விற்கிற கடை என்னுடையது. அங்கே பூ வாசனை வீசாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், நீர்க்காகக் குஞ்சு கக்கிய மீன் முழங்கை வரை காய்ந்து ஒட்டியிருக்கிற ஒருத்தி உள்ளே நுழைந்தால், புழு வாங்க வந்தவன்கூட வேறு கடை தேடிப் போய்விடுவான். அதனால் அவள் பின்பக்கம், படகுத்துறைப் பக்கமாக வந்து நிற்பாள். நான் ஜன்னல் வழியாகக் காபியை நீட்டுவேன்.

“கோரா, இன்னைக்கு அருமையான நாள்டி. ஒரு குஞ்சு முழு பெர்ச் மீனை அப்படியே கக்கிச்சு. செதில்கூடக் கலையல!”

“நான் இன்னும் காலைச் சாப்பாட்டையே முடிக்கல. கொஞ்சம் வாயை மூடறியா?”

“வால் மட்டும் லேசா கரைஞ்சிருந்துச்சு.”

“மாரிட்!”

அவள் சிரிப்பாள். ஆறடி உயரம், காற்றில் காய்ந்து சிவந்த முகம், மாமனார் விட்டுப்போன மஞ்சள் மழைச்சட்டை. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நாற்றம்கூட இரண்டு நிமிடத்துக்கு மறந்துபோகும். மூன்றாவது நிமிடம் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன், அது வேறு விஷயம்.

எங்கள் டன்னிகன் ஏரியின் கரையில், பல்கலைக்கழகக்காரர்கள் கட்டிய ஒரு சின்ன ஆய்வு நிலையம் இருக்கிறது. மாரிட் அங்கே வேலை பார்த்தாள். பறவை எதைத் தின்கிறது, ஏரியில் இருக்கிற மீன் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நீர்க்காகக் குஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. பயந்தால் தின்றதையெல்லாம் கக்கிவிடும். மாரிட் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள், அது கக்கும், இவள் கரண்டியால் வழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து எந்த மீன், என்ன வயது என்று பார்ப்பாள். படித்துப் பட்டம் வாங்கி ஒருத்தி செய்கிற வேலையா இது என்று அவளுடைய அம்மா சாகும்வரை என்னிடம் தொலைபேசியில் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. ஆனால் வேலைக்குப் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டே போகிற மனுஷியை நான் அவளைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

அவளுடைய கல்யாணமும் இந்தக் கக்கலில்தான் ஆரம்பித்தது. அவள் புதிதாக வந்த வருஷம், தீவுக்குப் போக நிலையத்தில் படகு இல்லை. ஓரினை வாடகைக்கு அமர்த்தினார்கள். ஓரின் இந்த ஏரியில் மீன்பிடி கைடு, அவன் அப்பாவும் கைடுதான். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றி, வாலாய் மீன் எந்தப் பாறையடியில் நிற்கும் என்று காட்டிப் பிடிக்கவைப்பது பிழைப்பு. நீர்க்காகம் என்றாலே அவனுக்கு ஆகாது. மீன்திருடன், கறுப்புப் பிசாசு என்று அப்பனும் மகனும் வைதுகொண்டே வளர்ந்த வீடு அது. முதல் நாளே மரத்தின்மேல் இருந்த குஞ்சு ஒன்று அவன் புதுத் தொப்பியில் கக்கிவிட்டது. அவன் கெட்ட வார்த்தையை எடுப்பதற்குள் மாரிட் கரண்டியோடு ஓடிவந்து, “ஆடாம நில்லு, ஆடாம நில்லு!” என்று அவன் தலையிலிருந்து அதை வழித்தெடுத்தாளாம்.

“என் மூஞ்சியை அவ பாக்கவே இல்ல, கோரா. தொப்பியைத்தான் பாத்தா. இவ்ளோ ஆசையா ஒருத்தி எதையாவது பாத்து நான் பாத்ததில்ல,” என்று அன்று சாயங்காலம் என் கடையில் வந்து சொன்னான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, பயல் விழுந்துவிட்டான் என்று.

கல்யாணத்துக்கு இரண்டு பேரும் ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசையில் நீர்க்காகத்தைப் பற்றிப் பேச்சு எடுக்கக் கூடாது. அவள் சவுனா என்கிற நீராவி அறையில் வெந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது அவன் அப்புறம் சேர்த்துக்கொண்டது. இருபது வருஷம் இந்த ஒப்பந்தம் ஓடியது. பறவையைத் திட்டுகிறவனும் பறவைக்குப் பின்னால் ஓடுகிறவளும் ஒரே போர்வைக்குள் தூங்கினார்கள். ஊரில் பாதிப்பேர் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம்.

ஏரியில் வாலாய் மீன் குறைய ஆரம்பித்தது அந்த இருபது வருஷத்துக்குள்தான். அதே காலத்தில் நீர்க்காகம் பெருகியது. ஏரி நடுவில் இருக்கிற வாணலித் தீவின் வடக்கு முனையில், பட்டுப்போன பைன் மரங்களில் எல்லாம் கூடு. எச்சத்தால் மரமெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துப் போயிருந்தது. ஊருக்கு வேறு ஆதாரம் எதற்கு? லைல் என்று ஒருவன், விடுதி வைத்திருப்பவன், பெரிய குரல், நல்ல மனசு. வாலாய் மீன் இல்லையென்றால் அவன் விடுதிக்கு ஆள் வராது. மாரிட்டைக் கண்டால் போதும், மறித்துக்கொள்வான்.

“ஏம்மா மாரிட், நீ இத்தனை வருஷமா அதுங்க வாந்தியைக் கிளறிக்கிட்டு இருக்கியே, என் மீனை அதுங்கதானே திங்குது? ஆமாவா இல்லையா?”

“இன்னும் தெரியல, லைல்.”

“எப்பத்தான் தெரியும்? என் கருமாதிக்கு அப்புறமா?”

“அதுவும் தெரியல.”

அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்வதில் வெட்கமே கிடையாது. எங்களுக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. காபிக்கடையில் அவள் வந்தால் ஜோக் அடிப்பதை நிறுத்திவிடுவார்கள். நாற்றத்தினால் மட்டும் இல்லை. எதிரிக்கு வக்காலத்து வாங்குகிறவள் என்று ஒரு நினைப்பு. அவள் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் என் ஜன்னலுக்கு வெளியே நின்று காபி குடிக்கும்போது ஒரு நாள் கேட்டாள்: “நான் இந்த ஊர்க்காரிதானே, கோரா?” நான் சிரித்து மழுப்பினேன்.

அப்புறம்தான் சிப் வந்தது. அரிசியளவு கண்ணாடிக் குழல், அதற்குள் ஓர் எண். வசந்த காலத்தில் வலைபோட்டு வாலாய் மீனைப் பிடிப்பாள், ஊசியால் அதன் வயிற்றுக்குள் சிப்பைச் செலுத்துவாள், திரும்ப விட்டுவிடுவாள். வெளியே தழும்புகூடத் தெரியாது. அந்த மீனைப் பறவை தின்றால் மீன் கரைந்துவிடும், சிப் கரையாது. எச்சத்தோடோ கக்கலோடோ தீவு மண்ணில் விழும். இலையுதிர் காலத்தில் பறவையெல்லாம் தெற்கே போனபிறகு, டென்னிஸ் மட்டை போல இருக்கிற ஸ்கேனரை மண்மேல் வீசிக்கொண்டே போனால், சிப் இருக்கிற இடத்தில் அது கூவும். எந்த மீன், எப்போது விட்டது என்று எண்ணை வைத்துத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் வாணலித் தீவு முழுக்கக் கூவியது. கூட்டுக்கு அடியில், புதரில், கரையில், எங்கே வீசினாலும் கூவல். துணைக்குப் போன நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்கே கேட்டது. மாரிட் தீவிலிருந்து திரும்பும்போது பாட்டுப் பாடவில்லை. மேசை விதியை மீறி, அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளே பேச்சை எடுத்தாளாம். “நீயும் உன் அப்பாவும் சொன்னது சரின்னுதான் தோணுது.” ஓரின் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டானாம். ஜெயித்தவன் ஆடவில்லை பாருங்கள், அதுதான் ஓரின்.

ஊர் ஆடியது. மாரிட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். காபிக்கடையில் அவளுக்குச் சுடச்சுட ஆப்பிள் பை பலகாரம், ஐஸ்க்ரீமோடு. லைல் அவளைக் கட்டிப்பிடித்து, “நம்ம மாரிட்! நம்ம பொண்ணு!” என்று அறிவித்தான். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஊர் மன்றத்தில் கூட்டம். வனவிலங்குத் துறை அதிகாரி வருவார், மாரிட் தன் கண்டுபிடிப்பைச் சொல்வாள், வரும் வசந்தத்தில் பறவைகள் கூடுகட்ட வந்தவுடன் துப்பாக்கியோடு போகலாம் என்று முடிவெடுப்பார்கள். அவள் அந்த ஆப்பிள் பையை மென்றுகொண்டு தலையாட்டினாள். இருபது வருஷம் ஜன்னலுக்கு வெளியே நின்றவள், உள்ளே நாற்காலி போட்டால் உட்காரத்தானே செய்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓரின் கொண்டாட்டமாகக் கரைச்சாப்பாடு போட்டான். கரைச்சாப்பாடு என்றால் எங்கள் கைடுகளுக்குக் கோயில் திருவிழா மாதிரி. காலையில் பிடித்த மீனை மதியம் ஏதாவது தீவுப் பாறையில் இறங்கி, அங்கேயே அறுத்து, பன்றிக்கொழுப்பில் பொரித்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் வறுத்து, டப்பா பீன்ஸைச் சூடாக்கித் தருவார்கள். அதற்காகவே வருஷா வருஷம் வருகிறவர்கள் உண்டு. எங்கள் ஏரியில் காற்றுக்கு ஒதுக்கான தட்டைப் பாறை ஒன்றே ஒன்றுதான், வாணலித் தீவின் தெற்கு முனையில். எல்லா கைடுகளும் அங்கேதான் வாணலி வைப்பார்கள். ஓரின் கத்தி வீச்சு பார்க்கிற மாதிரி இருக்கும். இரண்டு இழுப்பில் சதை தனி, முள் தனி. குடலை மேலே வீசுவான், கடற்புறாக்கள் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு தீவுக்குள் பறக்கும். வெளியூர்க்காரர்கள் கைதட்டிப் படம் எடுப்பார்கள்.

அன்று லைலும் நானும் போனோம். மாரிட் வரவில்லை. வியாழக்கிழமைப் பேச்சைத் தயார் பண்ணணும், சாமான்களைக் கழுவணும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஓரினின் நாய் பிக்கிள் மட்டும் வழக்கம்போல வந்தது. குட்டைக்கால், பெரிய வயிறு, வெட்கம் கெட்ட நாய். ஓரின் இருக்கிற படகைத் தவிர வேறெங்கும் அது போகாது.

வெயில் சாய்வதற்குள் திரும்பிவிட்டோம். லைல் அவன் விடுதிக்குப் போனான். மீந்த பீன்ஸ் சட்டியை எடுத்துக்கொண்டு நான் ஓரினோடு அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனேன். மாரிட் புல்தரையில் உட்கார்ந்து ஸ்கேனரைத் துடைத்து, ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிக்கிள் ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தது.

ஸ்கேனர் கூவியது.

“நாய் கூவுதே!” என்று நான் சிரித்தேன்.

“அதுக்குக் கழுத்துல சிப் இருக்கு. தொலைஞ்சா கண்டுபிடிக்க மாட்டு டாக்டர் போட்டது,” என்று அவளும் சிரித்துக்கொண்டே மட்டையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். கூவியது. திரையைப் பார்த்தாள். மட்டையை வயிற்றுக்குக் கொண்டுவந்தாள். மறுபடியும் கூவியது. இந்தத் தடவை வேறு எண். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எழுந்து உள்ளே போய்க் கணினியில் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“இது வாலாய் மீன். இந்த வசந்தத்துல நானே விட்டது.” அப்புறம் புருஷனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “ஓரின், பிக்கிள் இன்னைக்கு என்ன தின்னுச்சு?”

“எப்பவும் தின்னறதுதான். குடல்.”

“மீதிக் குடல்?”

“கடற்புறாவுக்கு. வேற யாருக்குப் போடுவாங்க?”

“அதுங்க எங்க கொண்டுபோய்த் திங்கும்?”

ஓரின் திரும்பி ஏரி நடுவில் இருந்த தீவைப் பார்த்தான். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. சிப் இருக்கிறது மீனின் வயிற்றில். நாங்கள் சதையைப் பொரித்துத் தின்றுவிட்டுக் குடலைச் சிப்போடு வீசுகிறோம். கடற்புறா அதைத் தீவு முழுக்கக் கொண்டுபோய்க் கக்குகிறது. நீர்க்காகம் தின்ற மீனும் கைடு அறுத்த மீனும் மண்ணுக்குள் ஒன்றாகவே கூவும். எதை யார் தின்றது என்று எந்த மட்டையாலும் சொல்ல முடியாது. தீவின் பெயரே வாணலி. அதை அவள் கக்கலைச் சேர்க்கிற ஒவ்வொரு பைமேலும் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள்.

“நானும் அந்தப் பாறையில உக்காந்து தின்னிருக்கேன்,” என்றாள் மாரிட். “நாம கல்யாணம் பேசினதே அங்கதான். குடல் பறக்கறதைப் பாத்துக்கிட்டே மீன் தின்னிருக்கேன். எனக்கு ஏன் தோணல? வெளியூர்ல இருந்து ஒருத்தி வந்திருந்தா முத நாளே கேட்டிருப்பா.”

நானும் கேட்டுக்கொண்டேன், இது எப்படி ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்று. தினம் மூச்சு விடுகிறோம், அதை யார் கவனிக்கிறோம்? கரைச்சாப்பாடு எங்களுக்கு அப்படி.

“ஒரு நாய், ஒரு மீன்,” என்றான் ஓரின். “இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. மிச்சத்தை எல்லாம் அந்தக் கறுப்புங்கதான் தின்னிருக்கும்.”

“இருக்கலாம். தெரியல.”

“தெரியல! இருபது வருஷமா அதத்தானே சொன்ன! இப்பத்தான் மொத தடவையா தெரியும்னு வாயைத் திறந்த. ஊரே உன்னைக் கொண்டாடுது. எங்க அப்பா சொன்னது சரின்னு ஆச்சு, அவர் இல்லாமப் போனாலும். அதையும் திருப்பிப் பிடுங்கப்போறியா?”

“நான் கொடுத்திருக்கவே கூடாது, ஓரின். என் கையில இல்லாததைக் கொடுத்துட்டேன்.”

“வியாழக்கிழமை என்ன சொல்லுவ? எங்க ஊர்க்காரங்க தின்னுட்டாங்க, பறவை பாவம், அப்படின்னா? கரைச்சாப்பாட்டை நிறுத்துன்னு அந்த அதிகாரி சொன்னா நான் எதைத் தின்னு பிழைப்பேன்?”

அவள் அவன் தோளைத் தொடப் போனாள். அவன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் பீன்ஸ் சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை ஊர் மன்றம் நிரம்பி வழிந்தது. லைல் மாரிட்டை மேடைக்கு அழைத்தபோது கைதட்டல் ஓயவே இல்லை. அவள் அது ஓயும்வரை காத்திருந்தாள். அப்புறம் நாய் வயிற்றில் கூவிய மீனைப் பற்றிச் சொன்னாள். முதலில் சிரித்தார்கள். கடற்புறா, குடல், தெற்குப் பாறை என்று அவள் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. “நான் அவசரப்பட்டுட்டேன். தீவுல இருக்கிற சிப்புல எது பறவையோடது, எது நம்மளோடதுன்னு எனக்குத் தெரியல. என் வார்த்தையை நம்பி யாரும் துப்பாக்கியை எடுக்காதீங்க,” என்றாள்.

துறை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வருஷம் தள்ளிவைப்பதாகவும், அடுத்த இலையுதிர் காலத்துக்குள் உறுதியான பதில் வரவில்லையென்றால் ஊர் கேட்கிறபடியே செய்வதாகவும் சொன்னார்.

“பதில் கண்டுபிடிக்கலாம்,” என்றாள் மாரிட். “வர்ற மீன்பிடி காலம் முழுக்க, கைடுகள் எல்லாரும் அறுக்கிற மீனோட குடலை வீசாம என்கிட்ட கொடுக்கணும். நான் ஸ்கேன் பண்ணினா மனுஷங்க தின்ன கணக்கு தெரிஞ்சிடும், அப்புறம் தீவுல புதுசா கூவறது பறவையோட கணக்கு. எனக்கு உங்க குடல் வேணும்.”

“குடலை உருவறதுன்னு சொல்லுவாங்களே, இதுதானா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒருவரும் சிரிக்கவில்லை.

லைல் எழுந்தான். அவன் முகத்தில் கோபத்தைவிட வலிதான் அதிகம் தெரிந்தது. “நாங்க உன்னை நம்பினோம், மாரிட். கடைசில நாங்கதான் திருடங்கன்னு சொல்ற. அதுக்கு நாங்களே சாட்சியும் கொண்டுவந்து கொடுக்கணும், இல்ல?” அவன் திரும்பினான். “ஓரின், நீதான் இந்த ஏரியில மூத்த கைடு. நீ கொடுத்தா எல்லாரும் கொடுப்பாங்க. என்ன சொல்ற? கொடுப்பியா?”

ஓரின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தான். மாரிட் மேடையில் நின்றபடி கதவு சாத்திக்கொள்வதைப் பார்த்தாள். எனக்கு ஓடிப்போய் அவனை இரண்டு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது.

ஏரி உறைந்தது. ஓரின் பனியில் துளையிட்டுத் தூண்டில் போடுகிற கொட்டகையை ஏரிமேல் இழுத்துப்போய்ப் போட்டுவிட்டு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதிலேயே உட்கார்ந்தான். மாரிட்டுக்குக் காபிக்கடையில் ஆப்பிள் பை கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் அவள் மேல் எந்த நாற்றமும் இல்லை, ஆனாலும் என் கடைப் பின்பக்க ஜன்னலுக்கே வந்து நின்றாள். நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து அடுப்புப் பக்கம் உட்காரவைத்தேன்.

“சண்டை போடறானா?”

“இல்ல. ரொம்ப மரியாதையா இருக்கான். இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, நாளைக்கு இன்னும் பனி வரும் போலிருக்குன்னு சொல்றான்.” அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவன் என்கிட்ட குளிரைப் பத்திப் பேசினதே இல்லடி.”

எங்கள் ஊரில் குளிரைப் பற்றிப் பேசுவது பெட்ரோல் பங்கில் முகம் தெரியாதவனிடம். நான் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

“நீயே வாய்விட்டுக் கேளேன். குடலைக் கொடுடான்னு. கொடுக்காமயா போயிடுவான்?”

“கொடுத்துடுவான். அதனாலதான் கேக்க மாட்டேன். நான் கேட்டுக் கொடுத்தா எல்லாரும் அவனைப் பொண்டாட்டிதாசன்னு சொல்லுவாங்க. அவனுக்கா தோணினா கொடுக்கட்டும். இல்லன்னா…” இல்லையென்றால் என்ன என்று எனக்கும் தெரியும். பதில் கிடைக்காது, பறவைகள் சுடப்படும், அவள் இந்த ஊரைவிட்டு வேறு ஏரிக்குப் போய்விடுவாள். தனியாகவா, அவனோடா என்றுதான் தெரியாது.

மே மாதம் பனி உருகி மீன்பிடி காலம் திறந்தது. திறப்பு நாளில் நான் ஓரின் படகில் போவது வழக்கம், வெங்காயம் நறுக்கிக் கொடுக்க. அவனை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. போகாமல் விட்டால் இன்னும் எரிச்சலாக இருக்கும் என்று போனேன். அயோவா மாநிலத்திலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவரும் அவர் தம்பியும் அன்றைய விருந்தாளிகள். படகில் மூடிபோட்ட ஒரு வெள்ளை வாளி இருந்தது. உயிர்மீன் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

மதியம் தெற்குப் பாறையில் இறங்கியபோது மற்ற கைடுகளும் வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். லைல்கூடத் தன் விடுதி ஆட்களோடு வந்திருந்தான். வடக்கு முனையில் நீர்க்காகங்கள் குச்சி சேர்த்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. தலைக்குமேல் கடற்புறாக்கள் கூச்சல். ஓரின் பலகையில் மீனை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தான், சதை தனியாக வந்தது. பல் டாக்டர் குடலைக் கையில் அள்ளிக்கொண்டு, தம்பியைக் கேமராவோடு நிற்கச் சொல்லிவிட்டு, மேலே வீசக் கையை ஓங்கினார்.

ஓரின் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வீசாதீங்க, டாக்டர். அது என் பொண்டாட்டிக்கு.”

மெதுவாகப் பேசுகிறவன் அவன். அன்று பாறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். சுற்றிலும் மீன் அறுத்துக்கொண்டிருந்த கத்திகள் அப்படியே நின்றன. லைல் சட்டியைக் கையில் பிடித்தபடி எங்கள் பக்கம் பார்த்தான். ஓரின் அவனையோ வேறு யாரையுமோ பார்க்கவில்லை. வாளியை இழுத்து, மூடியைத் திறந்து, டாக்டர் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான்.